வலை வளர்ந்த கதை – 19: எழுத மறந்த பிரவுசர்

மொசைக் வந்து வலையை வீடுகளுக்குள் கொண்டுபோன கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். படம் தெரிந்தது, மவுஸைத் தட்டினால் அடுத்த பக்கம் வந்தது, உலகம் வாய் பிளந்தது. அந்த ஆரவாரத்தில் ஒரு சங்கதி காணாமல் போனதைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை. அது எங்கே தொலைந்தது, யார் யார் எப்படித் தேடினார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு மொசைக்கை விட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1990 கடைசி. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் ஒரு கறுப்பு நெக்ஸ்ட் கணினி. அதில் அவர் எழுதிய முதல் பிரவுசருக்கு 'வேர்ல்டுவைடுவெப்' என்று பெயர். வலைக்கும் பிரவுசருக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் என்று பிற்பாடு 'நெக்சஸ்' ஆக்கினார். பிரவுசர் என்றால் படிக்கிற கருவி என்றே நாம் பழகிவிட்டோம். அவருடையது அப்படி இல்லை. திறந்திருக்கும் பக்கத்தில் கர்சரை வைத்து அங்கேயே தட்டச்சு செய்யலாம். தலைப்பு, பட்டியல் என்று மெனுவில் பாணியை மாற்றலாம். இணைப்பு கொடுத்த விதம் இன்னும் அழகு. போய்ச் சேர வேண்டிய இடத்தில் நின்று 'இதைக் குறித்துக்கொள்' என்று ஒரு கட்டளை. நம் பக்கத்துக்குத் திரும்பி வந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து 'குறித்ததோடு இணை' என்று இன்னொரு கட்டளை. அவ்வளவுதான், இணைப்பு விழுந்துவிடும். நீளமான முகவரி எதையும் யாரும் அடிக்கத் தேவையில்லை. கோண அடைப்புக்குள் எழுதும் எச்டிஎம்எல் குறிகள் மனிதர் கண்ணில் படக்கூடாத உள்வேலை என்றே அவர் எண்ணியிருந்தார். பின்னால் ஆட்கள் அதைக் கையாலேயே எழுத முன்வந்தபோது ஆச்சரியப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

குறை இல்லாமல் இல்லை. வலையில் எங்கிருக்கும் பக்கத்தையும் அதில் படிக்கலாம். திருத்திச் சேமிப்பது மட்டும் தன் கோப்புகளுக்குள்தான். திருத்திய பக்கத்தைச் சர்வருக்குத் திருப்பி அனுப்பும் 'புட்' கட்டளையை அப்போது யாரும் செய்து முடித்திருக்கவில்லை. செர்னில் ஒரு குழுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இவ்வளவு சீக்கிரம் அவரால் இதை எழுத முடிந்ததற்குக் காரணம் நெக்ஸ்ட். எழுத்தைக் காட்டுவது, திருத்துவது, தடிமனாக்குவது எல்லாம் தெரிந்த ஒரு பாகம் அந்த இயங்குதளத்தோடு தயாராகவே வந்தது. மற்ற கணினிகளில் அந்தச் சௌகரியம் கிடையாது. 1991இல் மாணவி நிக்கோலா பெல்லோ எல்லாக் கணினியிலும் ஓடக்கூடிய ஒரு பிரவுசரை எழுதினார். அது வரிவரியாக எழுத்தை மட்டும் காட்டும், எழுத விடாது. அதற்குப் பின் யூனிக்ஸ் கணினிகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவையும் காட்டுவதோடு நின்றன. எழுதும் வசதியையும் சேருங்கள் என்று பெர்னர்ஸ்-லீ ஒவ்வொருவரையாகக் கேட்டுப் பார்த்தார். காட்டுவது சில மாத வேலை, திருத்துவது அதைப் போலப் பல மடங்கு வேலை, யார் கேட்பார்கள்? 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பைனாவும் வெளியிட்ட மொசைக்கும் படிக்கும் பிரவுசராகவே வந்தது. பக்கத்தின் மேல் குறிப்பு எழுதிவைக்க அதில் ஒரு வசதி இருந்தது. எழுதியது எழுதியவரின் கணினியிலேயே கிடக்கும், ஊருக்குத் தெரியாது.

ஆக, கோடிக்கணக்கானவர்கள் வலைக்குள் நுழைந்தபோது கையில் கிடைத்தது பாதிக் கருவி. எழுத விரும்பியவர்கள் நோட்பேடைத் திறந்து குறிகளைக் கையால் போட்டு, கோப்பு அனுப்பும் எஃப்டிபி வழியாகச் சர்வருக்கு ஏற்றினார்கள். அது முடியாதவர்களுக்கென்று தனி மென்பொருள் சந்தை ஒன்று முளைத்தது. பாஸ்டன் அருகே கேம்பிரிட்ஜில் வெர்மீர் என்ற சின்னக் கம்பெனி செய்த ஃபிரண்ட்பேஜை 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு நெட்ஸ்கேப், எழுதும் பகுதி சேர்ந்த 'கோல்டு' பதிப்பை விட்டது. பெர்னர்ஸ்-லீயின் பழைய கனவுக்கு மிக நெருங்கி வந்தது பிரான்சின் இன்ரியா நிறுவனமும் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியும் செய்த அமாயா. படித்துக்கொண்டே திருத்தலாம், 'புட்' வழியாகச் சர்வரிலேயே சேமிக்கலாம். 2012 வரை புதுப் பதிப்புகள் வந்தன. ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெளியே அதை வைத்து எழுதியவர்கள் குறைவு.

* * *

வழி திறந்தது யாரும் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து. கடைகளுக்கு ஆர்டர் அனுப்பவும் கருத்து எழுதவும் எச்டிஎம்எல்லில் படிவங்கள் சேர்ந்திருந்தன. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 விதிகளில் அவை முறைப்படி இடம்பெற்றன. அதில் 'டெக்ஸ்ட்ஏரியா' என்று ஒன்று: இத்தனை வரி உயரம், இத்தனை எழுத்து அகலம் என்று சொன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி வரும். அதற்குள் வெறும் எழுத்தை அடிக்கலாம், பொத்தானை அமுக்கினால் சர்வருக்குப் போகும். தடிமன் கிடையாது, படம் கிடையாது. முகவரியும் புகாரும் எழுதுவதற்கென்று வைத்த பெட்டி.

அந்தப் பெட்டியை வைத்தே முழு வலைத்தளத்தை எழுதலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த வார்டு கன்னிங்ஹாம். 1995 மார்ச் 25 அன்று அவர் திறந்த விக்கிவிக்கிவெப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்து' என்று ஒரு இணைப்பு இருந்தது. அதைத் தட்டினால் பக்கத்தின் மூல எழுத்து முழுதும் ஒரு டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் வந்து விழும். மாற்றிச் சேமித்தால் பக்கமே மாறிவிடும். யார் வேண்டுமானாலும் மாற்றலாம். எச்டிஎம்எல் தெரிய வேண்டியதில்லை: ஒரு வரி விட்டால் புதுப் பத்தி, சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு ஒற்றை மேற்கோள் போட்டால் சாய்ந்த எழுத்து, இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதினால் அதுவே இணைப்பு. பின்னணியில் ஒரு பெர்ல் நிரல் இவற்றை எச்டிஎம்எல்லாக மாற்றிக் காட்டியது. அந்த ஒற்றை மேற்கோள் வழக்கம் இன்று விக்கிப்பீடியாவிலும் அப்படியே இருக்கிறது.

1999 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பைரா லேப்ஸ் விட்ட வலைப்பதிவுச் சேவையான பிளாகரும் இதே பெட்டியை நம்பித்தான் பிறந்தது. இவான் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹனும் நடத்திய சின்னக் கம்பெனி அது. பெட்டியில் எழுதி அமுக்கினால், எஃப்டிபி வேலையை நமக்காகப் பிளாகரே செய்து நம் தளத்தில் ஏற்றிவிடும். 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது.

தமிழில் வலைப்பதிவு எழுத வந்தவர்கள் 2003இலிருந்து சந்தித்தது இந்தப் பெட்டியைத்தான். ஆனால் பெட்டிக்கு முன்னாலேயே அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கணினிகளில் யூனிகோடு தமிழ் தெரிந்தாலும் அதை அடிக்க எளிய வழி கிடையாது. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவியவர்கள் நேராகவே அடித்தார்கள். அலுவலகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்தவர்களுக்கு எதையும் நிறுவ அனுமதி இல்லை. அவர்கள் சுரதா என்பவர் இணையத்தில் வைத்திருந்த எழுத்துமாற்றிப் பக்கங்களைத் திறந்து ஒரு பெட்டியில் ஆங்கில எழுத்தில் அடிக்க, இன்னொரு பெட்டியில் தமிழ் வந்து நிற்கும். அதை நகலெடுத்துப் பிளாகரின் பெட்டியில் ஒட்டுவார்கள். பழைய எழுத்துருக்களில் அடித்துவைத்த கட்டுரைகளுக்குப் 'பொங்குதமிழ்' மாற்றி. இரண்டு மூன்று ஜன்னல்களுக்கு நடுவே தாவித் தாவி எழுதினாலும் டெக்ஸ்ட்ஏரியா ஒருபோதும் காலை வாரியதில்லை. அது எழுத்தை மட்டும் வாங்கியது, எழுத்தை மட்டும் கொடுத்தது. அந்த நல்ல குணத்தின் அருமை அடுத்து வந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

* * *

2000 ஜூலை. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5. நெட்ஸ்கேப் கிட்டத்தட்ட விழுந்துகிடந்த நேரம். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் வண்ண வண்ணமாக மின்னஞ்சல் எழுதுவதற்கு மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசர் எஞ்சினையே பயன்படுத்தி வந்தது. ஆக, எழுதும் திறமை எஞ்சினுக்குள் முன்பே இருந்தது. அதைப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 'கன்டென்ட்எடிட்டபிள்' என்று ஒரு பண்பு. பக்கத்தின் எந்தப் பகுதியிலும் அதை 'ஆம்' என்று வைத்தால் போதும், அந்த இடத்தில் கர்சர் துடிக்கத் தொடங்கும், தட்டச்சு செய்யலாம். தடிமன் வேண்டுமானால் 'எக்செக்கமாண்ட்' என்ற கட்டளைக்குள் 'போல்ட்' என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு முழுப் பக்கத்தையே திருத்தும் நிலைக்கு மாற்ற 'டிசைன்மோடு' என்று ஒன்றும் இருந்தது.

பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்டில் செய்தது பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம். அவருடையது, எப்படி எழுதினால் என்ன குறி சேமிக்கப்படும் என்று திட்டமிட்டுச் செய்த கருவி. இதுவோ ஒரு கம்பெனி தன் சொந்தத் தேவைக்குச் செய்ததை அப்படியே கடைவீதியில் வைத்தது. என்டர் தட்டினால் உள்ளே என்ன நடக்க வேண்டும், இரண்டு பத்திகளைப் பாதி பாதி தேர்ந்தெடுத்து அழித்தால் மிச்சம் எப்படி ஒட்ட வேண்டும் என்று எங்கும் விதி எழுதிவைக்கவில்லை. எக்ஸ்ப்ளோரர் என்ன செய்ததோ அதுவே விதி.

மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். மொசில்லா 2003 மார்ச்சில் 1.3 பதிப்பில் டிசைன்மோடைக் கொண்டுவந்தது. அந்தப் பகுதிக்கு உள்ளே 'மைடாஸ்' என்று பெயர். ஆப்பிளின் சஃபாரி 2005, ஓபரா 2006, ஃபயர்ஃபாக்ஸ் முழு கன்டென்ட்எடிட்டபிளோடு 2008. இந்த நகல்களுக்கு மேலேதான், இன்று அலுவலகங்களில் நாம் பார்க்கும் 'எடிட்டர் பார்' வந்து உட்கார்ந்தது. பி, ஐ, யு என்று மூன்று பொத்தான், வண்ணத் தட்டு, படம் செருகு, இணைப்பு கொடு.

பிரேசில்காரர் ஃப்ரெடெரிக்கோ கல்டெய்ரா நாபென் 2003இல் தன் முதலெழுத்துகளையே பெயராக வைத்து எஃப்சிகே எடிட்டரை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் அலுவலகங்களில் அந்த மூன்று எழுத்தை மேலதிகாரிக்கு எழுதிக் காட்டச் சங்கடப்பட்டவர்கள் ஏராளம். 2009இல் முதல் எழுத்தை விட்டுவிட்டு சிகேஎடிட்டர் ஆக்கினார். சுவீடனின் மாக்சிகோட் நிறுவனம் 2004இல் டைனிஎம்சிஇயை விட்டது. இரண்டுமே திறந்த மூலம். வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் 2005 டிசம்பரில் 2.0 பதிப்பில் டைனிஎம்சிஇயைச் சேர்த்துக்கொண்டதும், குறியே தெரியாத ஆள் எழுதி வெளியிடுவது உலகம் முழுக்கச் சாதாரணமாகிவிட்டது. இந்த இரண்டு கருவிகளுக்கும் வலை பட்ட கடன் பெரிது. பிரவுசர் கம்பெனிகள் அரைகுறையாக விட்டதை, சிலரே உட்கார்ந்து பிரவுசர் பிரவுசராக ஒட்டுப்போட்டார்கள்.

எவ்வளவு ஒட்டு என்பதற்கு ஒரே ஒரு என்டர் விசை போதும். நான்கு சொல் அடித்து என்டர் தட்டுகிறீர்கள். திரையில் எல்லாப் பிரவுசரிலும் கர்சர் அடுத்த வரிக்கு வரும். உள்ளே, அந்த நாட்களில், எக்ஸ்ப்ளோரர் ஒரு பத்திக் குறியை எழுதும். ஃபயர்ஃபாக்ஸ் பத்தியைத் தொடாமல் வரியை உடைக்கும் குறியை மட்டும் போடும். சஃபாரியும் பிறகு வந்த குரோமும் 'டிவ்' என்ற பொதுப் பெட்டி ஒன்றைத் திறக்கும். தடிமனுக்கும் அப்படித்தான்: ஒருவர் 'ஸ்ட்ராங்' போடுவார், இன்னொருவர் 'பி' போடுவார், சஃபாரி 'ஆப்பிள்-ஸ்டைல்-ஸ்பேன்' என்று கம்பெனிப் பெயரையே உங்கள் கட்டுரைக்குள் எழுதிவைக்கும். இந்தக் கடைசிக் கூத்தை 2011இல்தான் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டைச் செய்பவர்கள் நீக்கினார்கள். அதற்குள் எத்தனை தளங்களின் தரவுத்தளத்தில் அந்தப் பெயர் குடியேறிவிட்டதோ!

இதற்கு மேல் வேர்டிலிருந்து ஒட்டும் பழக்கம். உதவி ஆசிரியர் ஒருவர் கட்டுரையை எம்எஸ் வேர்டில் லதா எழுத்துருவில் அடித்து, தேர்ந்தெடுத்து, வேர்ட்பிரஸ் பெட்டியில் ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கட்டுரை பளிச்சென்று வந்து நிற்கும். அடியில் ஒவ்வொரு பத்திக்கும் 'எம்எஸ்ஓநார்மல்' என்ற வகுப்புப் பெயர், ஒவ்வொரு சொல்தொடருக்கும் 'எழுத்துரு: லதா, அளவு: 12' என்று ஒரு ஸ்பேன், வேர்டுக்கு மட்டுமே புரியும் வெற்றுக் குறிகள் என்று எழுத்தைவிட எச்சம் அதிகம். தளத்தின் வடிவமைப்பை மாற்றும் நாளில் புதுக் கட்டுரைகள் புது எழுத்துருவிலும், பழையவை பிடிவாதமாக லதாவிலும் நிற்கும். எடிட்டர்களில் 'வேர்டிலிருந்து ஒட்டு' என்று தனிப் பொத்தான் வந்தது இந்தத் தலைவலியால்தான். அதைப் பயன்படுத்துங்கள் என்று செய்தியறைச் சுவர்களில் ஒட்டிவைத்தாலும் யார் பார்த்தார்கள்?

வேர்ட்பிரஸில் இன்னொரு பொறி. எடிட்டரின் மேல் 'விஷுவல்', 'எச்டிஎம்எல்' என்று இரண்டு தாவல்கள் இருந்தன. குறி தெரிந்தவர் இரண்டாவதில் போய் நுணுக்கமாக எழுதிவிட்டு, எப்படித் தெரிகிறது என்று முதல் தாவலைத் தட்டித் திரும்பினால், எழுதிய பத்திக் குறிகளும் வரி உடைப்புகளும் காணாமல் போயிருக்கும். வெற்று வரியைப் பத்தியாக்கும் வேலையை வேர்ட்பிரஸ் தானே செய்துகொள்வதால் தேவையற்றது என்று நினைத்தவற்றையெல்லாம் கழித்துவிடும். பறிகொடுத்தவருக்குத்தான் அருமை தெரியும்.

இதற்கு விதி எழுத முயற்சி நடக்காமல் இல்லை. எச்டிஎம்எல்5 விதிகளைத் தொகுத்த இயான் ஹிக்சன், எக்ஸ்ப்ளோரர் செய்வதை ஆராய்ந்து கன்டென்ட்எடிட்டபிளை விதிப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார். 2011இல் ஆர்யே கிரெகர் எக்செக்கமாண்டின் ஒவ்வொரு கட்டளையும் அடி அடியாக எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு பெரிய ஆவணம் எழுதினார். அது முற்றுப்பெறவில்லை, பிரவுசர்கள் அதற்கு இணங்கவும் இல்லை. எக்செக்கமாண்ட் இன்று 'கைவிடப்பட்டது' என்ற முத்திரையோடு எல்லாப் பிரவுசரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் பாதி வலை நின்றுபோகும்.

* * *

முதலில் பொறுமை இழந்தது கூகுள். 2005இல் அப்ஸ்டார்டில் என்ற மூன்று பேர் கம்பெனி ரைட்லி என்ற எடிட்டரை வெளியிட்டது. பிரவுசருக்குள்ளேயே வேர்ட் மாதிரி, அடியில் கன்டென்ட்எடிட்டபிள்தான். 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது, கூகுள் டாக்ஸ் பிறந்தது. ஒரே ஆவணத்தில் பலர் சேர்ந்து எழுத வேண்டும் என்று வந்ததும் அடித்தளம் ஆட்டம் கண்டது. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் இருவரின் மாற்றங்களையும் கணக்குப் போட்டுப் பொருத்தும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989லேயே வகுத்துவிட்டார்கள். அந்தக் கணக்குக்கு 'ஏழாவது எழுத்துக்குப் பின் இந்த எழுத்து நுழைந்தது' என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். கன்டென்ட்எடிட்டபிளோ 'ஏதோ மாறியது, நீயே பார்த்துக்கொள்' என்று மட்டும்தான் சொல்லும். குரோமில் எழுதுபவரின் என்டர் ஒரு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸில் எழுதுபவரின் என்டர் வேறு மாதிரி என்றால் எதை எதோடு பொருத்துவது?

2010 ஏப்ரலில் வந்த புதிய கூகுள் டாக்ஸ், பிரவுசரின் எழுதும் திறமையை முழுக்கத் தூக்கி எறிந்தது. விசைகளைத் தானே பிடித்துக்கொண்டது, வரிகளைத் தானே அளந்து அடுக்கியது. கர்சர் கூடச் சொந்தத் தயாரிப்பு: இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு மெல்லிய பெட்டியை எழுத்துக்கு அருகில் வைத்துத் துடிக்க விட்டார்கள். 2021இல் இன்னும் ஒரு படி போய், எழுத்தை எச்டிஎம்எல்லாக வைப்பதையும் விட்டு, திரையில் படம்போல வரையப்போவதாக அறிவித்தார்கள். வலைப்பக்கம் எழுதப் பிறந்த கருவிகளின் வழித்தோன்றல் ஒன்று, எச்டிஎம்எல்லே வேண்டாம் என்று முடித்திருக்கிறது. கூகுளிடம் அதற்குப் பணமும் ஆளும் இருந்தன.

விக்கிப்பீடியாவிடம் அவை இல்லை. வேறொன்று இருந்தது, கோடிக்கணக்கான பழைய பக்கங்கள். அவை எல்லாம் டெக்ஸ்ட்ஏரியாவில் விக்கி குறிகளால் எழுதப்பட்டவை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோரின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. வார்ப்புருக்களும் மேற்கோள்களும் பின்னிக்கிடக்கும் குறியைப் பார்த்துப் புதியவர்கள் ஓடுகிறார்கள் என்று விக்கிமீடியா அறக்கட்டளை முடிவு செய்தது. மருந்து: விஷுவல் எடிட்டர்.

கஷ்டம் எங்கே என்றால், அதன் கீழே சேமிப்பது விக்கி குறியாகவே இருக்க வேண்டும். பழகிய ஆட்கள் அதை விடமாட்டார்கள். எனவே விக்கி குறியை எச்டிஎம்எல்லாக்கி எடிட்டருக்குக் கொடுக்க வேண்டும், திருத்தியதை மறுபடி விக்கி குறியாக்கி வாங்க வேண்டும். இந்த இரட்டை வேலைக்கென்று பார்சாய்டு என்ற நிரல் எழுதினார்கள். ஒருவர் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால் அந்த ஒரு எழுத்து மட்டுமே மாறியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது வேறெங்கோ ஓர் இடைவெளி கூடினாலோ மேற்கோளின் வரிசை மாறினாலோ, 'யார் என்ன மாற்றினார்கள்' என்று காட்டும் பட்டியல் குப்பையாகிவிடும். தொடாத பகுதிகளுக்கு மூல எழுத்தையே எடுத்துப் போட்டு இதைச் சமாளித்தார்கள். இந்த வரலாற்றில் பேர் பெறாத பெரிய சாதனை இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் 2013 ஜூலை 1 அன்று விஷுவல் எடிட்டரை ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவுசெய்த எல்லோருக்கும் முன்னால் வைத்தபோது சாதனையை யாரும் பார்க்கவில்லை. பக்கம் திறக்க நேரமெடுத்தது. அட்டவணையைச் சரியாகத் திருத்த முடியவில்லை. பழக்கத்தில் சதுர அடைப்பை அடித்து இணைப்பு கொடுத்தவர்களின் எழுத்தை, 'இது குறி இல்லை, வெறும் எழுத்து' என்று எடிட்டர் அடக்கி, கட்டுரைகளில் 'நோவிக்கி' என்ற குறியைத் தூவிவிட்டுப் போனது. அதைப் பொறுக்கியெடுக்கும் வேலை பழைய ஆட்களின் தலையில். வேண்டாம் என்று அணைக்கவும் தொடக்கத்தில் விருப்பத்தேர்வு கிடையாது. ஆத்திரம் எல்லை மீறியது. செப்டம்பரில் தன்னார்வ நிர்வாகிகளே தளத்தின் நிரலில் கைவைத்து அதை ஒளித்தார்கள். அறக்கட்டளை இறங்கிவந்து, விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்றது. பிற்பாடு அது வெகுவாகச் செம்மையாகி இன்று நன்றாகவே வேலை செய்கிறது.

மறு ஆண்டு மே மாதம், மீடியத்தின் பொறியாளர் நிக் சாண்டோஸ் கன்டென்ட்எடிட்டபிளைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகையே எழுதினார். பிளாகரைத் தொடங்கிய அதே இவான் வில்லியம்ஸ் பிற்பாடு தொடங்கிய கம்பெனிதான் மீடியம். சாண்டோஸின் வாதம் இது: திரையில் ஒரே மாதிரித் தெரியும் ஒரு வரியை அடியில் எண்ணற்ற விதமாக எழுதிவைக்க முடியும். தடிமனுக்குள் சாய்வா, சாய்வுக்குள் தடிமனா, வெற்று ஸ்பேன் நடுவில் உண்டா இல்லையா? வாசலில் பார்க்கும் கோலம் ஒன்றுதான், இழுத்த வரிசை வீட்டுக்கு வீடு வேறு. கண் கோலத்தைப் பார்க்கிறது; கணினியோ வரிசையைச் சேமிக்கிறது. ஒரே தோற்றத்தில் செய்த ஒரே திருத்தம், அடியில் இருப்பதைப் பொறுத்து வெவ்வேறு விளைவு தரும் என்றால் அதன் மேல் நம்பி எதையும் கட்ட முடியாது.

தீர்வும் அங்கேயே இருந்தது. ஆவணம் என்றால் என்ன என்பதை எடிட்டர் தன் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்: இது பத்தி, இதில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது வரை தடிமன். விசை விழுந்தால் முதலில் கணக்கு மாறும், பிறகு கணக்கைப் பார்த்துத் திரை வரையப்படும். 2015இல் பேஸ்கேம்ப் நிறுவனம் விட்ட டிரிக்ஸ், அதே ஆண்டு மாரைன் ஹாவர்பேக் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய புரோஸ்மிரர், 2016இல் ஃபேஸ்புக்கின் டிராஃப்ட் என்று வரிசையாக வந்தவை இந்தக் கட்சி. நியூயார்க் டைம்ஸ் தன் செய்தியறைக்குச் செய்துகொண்ட 'ஓக்' எடிட்டர் புரோஸ்மிரரின் மேல் கட்டியது.

* * *

இந்தப் புதிய தலைமுறை வழுக்கி விழுந்த இடம் நம் ஊர்ப்பக்கம். விசை விழுந்தால் கணக்கு மாறும் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு விசை, ஓர் எழுத்து. தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் முதல் விசைக்கு 'க்' வரும், அடுத்த விசைக்கு அது அழிந்து 'க' ஆகும், அதற்கடுத்து 'கா'. எழுத்து முடிவாகாமல் உருமாறிக்கொண்டே இருக்கும் இந்த நேரத்தில் எடிட்டர் அவசரப்பட்டுத் திரையைத் திருப்பி வரைந்தால் பாதி எழுத்து தொங்கும் அல்லது இரட்டிக்கும். சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரர்களுக்கும் இதே பாடு. ஆண்ட்ராய்டு போனில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குரோம், விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் எடிட்டருக்குச் சொல்லும். 'ஏதோ உருவாகிக்கொண்டிருக்கிறது' என்று அதற்குப் பொருள். விசையை நம்பிக் கட்டிய எடிட்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்.

கர்சரைச் சொந்தமாக வரைபவர்களுக்கு வேறு சோதனை. 'கொ' என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று சேர்த்தும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது விதி, ஆனால் எண்ணிக்கை வேறு. 'ஸ்ரீ' திரையில் ஒரே வடிவம், உள்ளே நான்கு குறியெண்கள். அம்பு விசையைத் தட்டினால் கர்சர் எங்கே நிற்க வேண்டும்? பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பு மட்டும் போகவேண்டுமா, எழுத்தே போகவேண்டுமா? பிரவுசர் பல ஆண்டுகள் அடிபட்டுக் கற்றது இது. பிரவுசரைத் தூக்கி எறிந்தவர்கள் இதையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அதனால்தான் டிரிக்ஸும் புரோஸ்மிரரும் கன்டென்ட்எடிட்டபிளை முழுக்க விடவில்லை. அதை எழுத்து வாங்கும் வாசலாக மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே கணக்கைத் தாங்கள் பார்த்துக்கொண்டார்கள். வேறு சிலர் கண்ணுக்குத் தெரியாத ஒரு டெக்ஸ்ட்ஏரியாவை மூலையில் ஒளித்து, விசைகளை அதில் விழவைத்துப் பிடித்தார்கள். 1995இன் அந்த வெள்ளைப் பெட்டியேதான். என்ன, ஒளித்த இடத்துக்குப் பக்கத்தில் விசைப்பலகையின் பரிந்துரைச் சொற்கள் எட்டிப் பார்க்கும், எழுதுபவரோ திரையின் நடுவில் இருப்பார்.

இந்தக் குறுக்கு வழிகளுக்கெல்லாம் முறையான வழியாக 'எடிட்கான்டெக்ஸ்ட்' 2024 தொடக்கத்தில் குரோமிலும் எட்ஜிலும் வந்தது. எழுத்தை வாங்குவது வேறு, அதைக் காட்டுவது வேறு என்று பிரவுசரே பிரித்துக் கொடுக்கிறது. எழுத்து எந்த இடத்தில் விழுகிறது என்று எடிட்டர் சொன்னால், பரிந்துரைப் பட்டி சரியான இடத்தில் வரும். பெர்னர்ஸ்-லீக்கு நெக்ஸ்ட் இலவசமாகக் கொடுத்த பாகத்தின் ஒரு துண்டு, 33 ஆண்டு கழித்து.

இதற்கிடையே 2018 டிசம்பர் 6 அன்று வேர்ட்பிரஸ் தன் பழைய எடிட்டரைத் தூக்கிவிட்டு, பத்தி, படம், மேற்கோள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டமாக்கிய 'குட்டன்பெர்க்'கை வைத்தது. பழையதே வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் தனி நீட்சியை நிறுவினார்கள், ஒரு கூட்டம் பிரிந்துபோய் கிளாசிக்பிரஸ் என்று தனிக்கடையே போட்டது. அந்தச் சண்டை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)